உறுமியதை மறைத்து நாய்க்குட்டியைத் தத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: 7 வாரங்களுக்கு முன் சாலையோரம் நின்றிருந்த ஒரு லாரியின் அடியிலிருந்து பெட்டைக் குட்டி ஒன்றை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது அதற்கு மூன்று மாதம் இருக்கும் என்றும், இப்போது ஐந்து மாதம் நெருங்கியிருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. என் தந்தை கைத்தடி ஊன்றி நடப்பவர். குட்டி ஆசையாய்ப் பாய்ந்ததில் இருமுறை தடுமாறிவிட்டார். எனவே அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள என்னால் இயலாது. பிரிய மனம் வராமல் போய்விடுமோ என்று பெயர்கூட வைக்கவில்லை. சென்ற மாதம் ஒரு குடும்பத்தாரிடம் கொடுத்தேன். நான்காம் நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இரவெல்லாம் அழுகிறது, செருப்பைக் கடித்துக் குதறுகிறது, சாப்பிடும்போது அருகில் சென்ற சிறுமியைப் பார்த்து உறுமியது என்றார்கள். இப்போது மூன்று பேர் கேட்கிறார்கள். ஓர் இளம் தம்பதியினர் நாளைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். தனியாக வாழும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்கிறாரே தவிர, சரி என்று இன்னும் சொல்லவில்லை. உறவினர் ஒருவர் தம் கிடங்கில் காவலுக்குக் கட்டி வளர்ப்பதாகக் கூறுகிறார். உறுமியதைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் கொடுத்தால் மனம் உறுத்தும். மறுபடியும் இடம் மாற்றினால் குட்டி ஏங்கிப்போய்விடாதா? நான் என்ன செய்வது?

பதில்: அன்புடையீர், தங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் அவை யாவும் உறுமியதைச் சொல்வதா வேண்டாமா என்ற ஒன்றில்தான் வந்து முட்டி நிற்கின்றன. சொல்லத்தான் வேண்டும். அதுவும் ஒப்படைக்கிற நேரத்தில் வாசலில் நின்று தயங்கித் தயங்கி அல்லாமல், முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். மனசாட்சிக்காக மட்டும் இதைக் கூறவில்லை. போகிற வீட்டில் குட்டி நிலைக்க வேண்டுமானால் வேறு வழி கிடையாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

கால்நடை மருத்துவத் தொழிலுக்கு வந்த புதிதில், மீட்கப்பட்ட இரண்டு வயது நாய் ஒன்றுக்கு வீடு தேடிக்கொடுத்தேன். இடிச் சத்தம் கேட்டால் அந்த நாய் நகம் பெயரும் அளவுக்குக் கதவைப் பிறாண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டவர்களிடம் "பரம சாது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் இரவு இடி இடித்தது. பத்தாம் நாள் காலை நாய் என் வாசலில் நின்றது. கதவு பாழானதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தெரிந்திருந்தும் ஏன் மறைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த குடும்பத்திடம் இடியைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். மழை வரும் அறிகுறி தெரிந்தாலே உள்ளறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு அருகில் உட்கார்ந்துகொள்ள அவர்கள் பழகிக்கொண்டார்கள். கடைசிவரை அந்த நாய் அவர்களிடமே இருந்தது. நாயின் குணம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். முதல் வீட்டாருக்கு அது ஏமாற்றமாகவும், இரண்டாம் வீட்டாருக்கு எதிர்பார்த்த ஒன்றாகவும் இருந்தது.

இனி அந்த உறுமலுக்கு வருவோம். உறுமல் என்பது ஒரு நாய் தரக்கூடிய மிக நேர்மையான எச்சரிக்கை. "இதற்கு மேல் நெருங்காதே, எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. லாரிக்கடியில் கிடைத்ததைத் தின்று வளர்ந்த குட்டி, தன் தட்டை நோக்கி எவரேனும் வந்தால் பறிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணுவதில் வியப்பில்லை. உறுமியதற்காக அதை அடித்தாலோ அதட்டினாலோ, அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அத்தகைய நாய்தான் பின்னர் "முன்னறிவிப்பே இல்லாமல் கடித்தது" என்று பேசப்படும். எனவே அந்தச் சிறுமியின் வீட்டில் குட்டி உறுமியதோடு நின்றதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆயினும் உறுமியது மட்டும்தானா, பற்களைக் காட்டியதா, காற்றைக் கவ்வியதா, பல் தோலில் பட்டதா என்பதை அந்தக் குடும்பத்தாரிடம் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல் பட்டுத் தோல் சிறிதளவு கீறியிருந்தால்கூட, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்து அவர்கள் இதுவரை செல்லவில்லையென்றால், நாள் கடந்துவிட்டதே என்று எண்ணாமல் இப்போதே அனுப்பிவையுங்கள். மனிதருக்கு ஏற்படும் வெறிநோயில் ஏறத்தாழ 99 சதவீதம் நாய்கள் வழியாகவே பரவுகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோய்க்குப் பயன்தரும் சிகிச்சை இல்லை. முன்வரலாறு தெரியாத மீட்பு நாயின் விஷயத்தில் இதில் மட்டும் கூச்சமோ தாட்சணியமோ கூடாது.

உணவைக் காக்கும் இந்தப் பழக்கத்தைக் குறைக்கும் வழி எளியதுதான், பொறுமைதான் அதிகம் வேண்டும். குட்டி சாப்பிடுகையில் தட்டில் கை வைப்பதும், பாதியில் தட்டை எடுத்து "யார் எஜமானர்" என்று காட்டுவதும் பலர் பரிந்துரைக்கும் முறைகள். இரண்டுமே அதன் சந்தேகத்தை உறுதிப்படுத்துவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. மாறாக, குட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிடுகிற தூரம் எதுவென்று கண்டறிந்து, அந்தத் தூரத்தில் நடந்து போகையில் தட்டில் இருப்பதைவிட அதற்குப் பிடித்தமான சிறு துண்டு ஒன்றை அதன் பக்கம் வீசிவிட்டு, நிற்காமல் போய்விடுங்கள். சில நாட்களில், ஆள் வருவதைக் கண்டதும் தலையை நிமிர்த்தி வாலாட்டி எதிர்பார்க்கத் தொடங்கும். அப்போது ஓரடி நெருங்கலாம். உடல் விறைப்பதோ, வேகவேகமாக விழுங்குவதோ தெரிந்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய பயிற்சி. குழந்தைகள் இருக்கும் வீட்டில், குட்டி சாப்பிட்டு முடிக்கும்வரை அது இருக்கும் அறைக்குள் குழந்தை நுழையக் கூடாது என்ற விதி ஒன்றே போதும். புதிய வீட்டாரிடம் உறுமலைச் சொல்லும்போது இந்த வழியையும் சேர்த்துச் சொன்னீர்களானால், கேட்பவர் அச்சத்தோடு மட்டும் வீடு திரும்ப மாட்டார்.

செருப்பைக் கடித்த குற்றத்தை நான் குற்றப்பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். நாய்க்குட்டியின் 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் காலம் ஏறக்குறைய நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை நீள்கிறது. ஈறு குறுகுறுக்கும் அந்த மாதங்களில் கடிப்பதற்கு உரிய பொருளைக் கொடுக்காத வீட்டில் செருப்புத்தான் அகப்படும். இரவு அழுகையும் அப்படியே: பழகிய மூச்சுச் சத்தம் எதுவும் இல்லாத புது இடத்தில் தனியறையில் விடப்பட்ட குட்டி அழாமல் என்ன செய்யும்? முதல் இரண்டு வாரங்களுக்கு யாராவது படுக்கும் இடத்துக்கு அருகிலேயே அதன் படுக்கையும் இருந்தால் பெரும்பாலும் இது தானே அடங்கிவிடும். நான்கு நாளில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் குறை கூறவில்லை; இவையெல்லாம் வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

குட்டி தங்களிடம் வந்த வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்குட்டிகள் மனிதரையும் உலகத்தையும் அச்சமின்றி ஏற்கக் கற்கும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, சிலவற்றை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். 14 வாரம்வரை அந்த வாய்ப்பே கிடைக்காத குட்டிகள் பின்னர் எவ்வளவோ முயன்றும் மனிதரை அண்டவில்லை. தங்கள் குட்டி மூன்று மாத வயதில், அதாவது அந்தக் கதவு மூடப்போகும் வேளையில் வந்திருக்கிறது. ஆனால் தங்கள் தந்தையின்மீது ஆசையாகப் பாய்கிற குட்டி, அதற்கு முன்பே எங்கோ, எவரோ ஒருவரின் கையில் அன்பை அறிந்திருக்கிறது என்றே ஊகிக்கிறேன். மனிதரிடம் நம்பிக்கை இருக்கிறது. தட்டைப் பற்றிய கவலை மட்டும்தான் மிச்சம். இந்த வேறுபாட்டைத் தேடிவருபவர்களுக்கு விளக்க முடிந்தால், பாதி வேலை முடிந்துவிடும்.

இடமாற்றம் குட்டியை வருத்தாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில நாள் வருத்தும். நாய்களைத் தத்துக் கொடுப்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு தோராயக் கணக்கு உண்டு: மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு புரிதல், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற தெளிவு. எல்லா நாயும் நாட்காட்டி பார்த்து நடப்பதில்லை என்றாலும், நான்காம் நாளில் ஒரு குட்டியைப் பற்றித் தீர்ப்பெழுதக் கூடாது என்பதை நினைவூட்ட இந்தக் கணக்கு உதவும். குட்டிக்கு உண்மையில் தீங்கு செய்வது, பொருத்தம் பாராமல் கொடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கும் சுழற்சி. ஒரு மாதம் கூடுதலாகத் தங்களிடம் இருப்பதால் அதற்கு இழப்பில்லை. தந்தையாரின் பாதுகாப்புக்காக, அவர் நடமாடும் நேரங்களில் குட்டியை மட்டும் ஒரு தடுப்புக்கு அப்பால் வையுங்கள். நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டுமே தடவிக்கொடுப்பது என்று வீட்டிலுள்ள அனைவரும் ஒரே பிடியாக நின்றால், பாய்வதும் குறையும். பெயரும் வைத்துவிடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் குட்டியை வருபவர்களுக்குப் பிடித்துப்போகும். பெயர் பிடிக்காவிட்டால் அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், ஒரு வாரத்தில் புதுப் பெயருக்குப் பழகிவிடும். பெயர் வைக்காததால் தங்களுக்குப் பிரிவு எளிதாகிவிடப் போவதில்லை என்பது தங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

அந்த ஒரு மாதத்தில் முடிக்க வேண்டிய மருத்துவ வேலைகளும் இருக்கின்றன. குட்டிகளுக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வார வயதையாவது எட்டும்வரை தொடரப்படுகிறது. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியின் பலனை அவை தடுக்கக்கூடும் என்பதே இதன் காரணம். முதல் ஊசி போட்டாயிற்று என்பதை முழுப் பாதுகாப்பாகக் கருத இயலாது. தங்கள் குட்டி அந்த வயதைத் தாண்டிவிட்டதால், மீதமுள்ள ஊசிகளையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் எந்த இடைவெளியில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குடற்புழு மருந்தும் உண்ணிக்கான மருந்தும் கொடுத்த தேதிகளை அட்டையில் குறித்துவையுங்கள். வருபவர்களிடம், "கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் ஏதேனும் குட்டி வாந்தி பேதியில் இறந்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சாதகமான சூழலில் ஓராண்டுவரைகூட உயிர்த்திருக்கும்; ஊசி முழுமையடையாத குட்டியை அத்தகைய வீட்டுக்கு அனுப்பினால், எவ்வளவு அன்பான வீடாயினும் அது குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கருத்தடையைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பெட்டைக் குட்டி ஆறாம் மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் 63 நாள் அளவே. இன்று ஒரு குட்டிக்கு வீடு தேடுகிற தாங்கள், அடுத்த ஆண்டு அதன் ஐந்தாறு குட்டிகளுக்கு யாரோ ஒருவர் வீடு தேடும்படி விட்டுவிடலாகாது. உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் ஒப்புக்கொண்டால் அறுவை சிகிச்சையை முடித்து, 10 முதல் 14 நாட்களில் தையல் ஆறிய பிறகு கொடுப்பதே நல்லது. அவர் தள்ளிப்போடச் சொன்னால், இன்ன மாதத்துக்குள் செய்துவிடுவதாகப் புதிய வீட்டாரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டு, அந்த மாதம் வந்ததும் தொலைபேசியில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர்கள் மறந்துபோவதும் நடக்கிறது.

குட்டியைப் பற்றி அறிவிப்பு எழுதும்போது "அழகான, சமர்த்தான, அன்புக்கு ஏங்கும்" என்ற வகையில் எழுத வேண்டாம். அவ்வாறு எழுதப்படாத நாயே கிடையாது. கீழ்க்கண்டவாறு எழுதிப் பாருங்கள்:

"ஐந்து மாதப் பெட்டைக் குட்டி, நடுத்தர உருவம் வரை வளரக்கூடியது. மனிதரிடம் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே தள்ளாடி நடக்கும் முதியவர் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. சாப்பிடும்போது நெருங்கினால் உறுமும், பயிற்சியில் குறைந்துவருகிறது. சிறு குழந்தைகள் இல்லாத வீடு நல்லது. பல் முளைக்கும் பருவம், கையில் கிடைத்ததைக் கடிக்கும். இரவில் ஆள் துணை இருந்தால் அமைதியாகத் தூங்கும். சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டுமென்றால் கதவருகே சென்று நிற்கும். பொருந்தவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன்."

கதவருகே நிற்கும் செய்தி என் கற்பனை. அதன் இடத்தில் தங்கள் குட்டி உண்மையாகவே செய்கிற ஏதேனும் ஒரு நல்ல காரியத்தை எழுதிக்கொள்ளுங்கள். இந்த அறிவிப்புக்கு முன்பைவிடக் குறைவான அழைப்புகளே வரும். ஆனால் பொருந்தாத பத்துப் பேர் தாமாகவே விலகிக்கொண்டால் தங்களுக்கு வேலை மிச்சம். படத்தை, குட்டியின் கண்மட்டத்துக்குக் குனிந்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எந்தக் குட்டியும் ஒடுங்கியே தெரியும்.

இப்போது கேட்டிருக்கும் மூவர். உறவினருக்கு மறுத்துவிடுங்கள், மனஸ்தாபம் வந்தாலும் சரி. ஐந்து மாதக் குட்டியால் காவல் காக்க முடியாது. எந்நேரமும் சங்கிலியில் கிடந்து, வருவோர் போவோரை எட்டியே பார்த்து வளரும் நாய், தப்பியோட வழியில்லாததால் அஞ்சியதையெல்லாம் குரைத்தும் பாய்ந்தும் விரட்டக் கற்கிறது. உணவைக் காக்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ள குட்டிக்கு அதைவிடப் பொருந்தாத வாழ்க்கை வேறில்லை.

இளம் தம்பதியினரின் அவசரத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை. ஆசையும் அவசரமும் சேர்ந்தே வரும். அவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். இருவரும் வேலைக்குப் போகிறார்களா, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் குட்டி தனித்திருக்கும்? வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா? குழந்தை பிறந்தாலோ வேலை மாற்றலானாலோ குட்டியை என்ன செய்வதாக எண்ணம்? இதற்கு முன் நாய் வளர்த்திருந்தால் அது இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்கு வரும் விடையை மட்டும் கூர்ந்து கேளுங்கள். வயதாகி இறந்தது என்று சொல்லும்போதே குரல் தழுதழுத்தால் ஒரு பொருள்; "அது எங்கோ ஓடிப்போய்விட்டது" என்று எளிதாகக் கடந்தால் வேறொரு பொருள். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தாலும் நாளைக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் இருமுறை வந்து குட்டியோடு இருந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். காத்திருக்க இயலாதவர்கள் இந்த இடத்தில் தாமே கழன்றுகொள்வார்கள்.

கேள்விமேல் கேள்வி கேட்கும் அந்த நடுத்தர வயதுக்காரர்மீதுதான் எனக்கு நாட்டம் செல்கிறது. தனியாக வாழ்வதால் தட்டருகே ஓடிவரும் குழந்தை இல்லை; எதையும் யோசித்துச் செய்பவராகவும் தெரிகிறார். அவர் இன்னும் சரி என்று சொல்லாததற்குக் காரணம் விருப்பமின்மையாக இருக்கலாம், தாங்கள் எதையோ மறைப்பது அவருக்குத் தட்டுப்பட்டதாகவும் இருக்கலாம். அவரை அழைத்து உறுமலைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "கடித்துவிடுமா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், எந்த நாய்க்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. "அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால், வீட்டைப் பார்க்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது, அவர் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். தனித்து வாழ்பவரிடம் தவறவிடக் கூடாத கேள்வி அது.

யாரிடம் கொடுத்தாலும், ஒப்படைக்கும் நாளில் குட்டி படுத்த துணியைத் துவைக்காமல் அதனோடு அனுப்புங்கள். பழகிய வாசனை முதல் இரவுக்குத் துணையாகும். இப்போது சாப்பிடும் உணவையே சில நாள் கொடுத்து, பின்னர் ஒரு வாரத்தில் சிறுகச் சிறுக மாற்றச் சொல்லுங்கள். புது வீட்டிலிருந்து நாய்கள் தப்பி ஓடுவது முதல் சில நாட்களில்தான் அதிகம் என்பதால், வாசற்கதவைத் திறக்கும்போதெல்லாம் குட்டி வாரில் இருக்க வேண்டும், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும். அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் என்ற சிறு சில்லைப் பொருத்துவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே, அது நாய் இருக்குமிடத்தைக் காட்டாது; அந்த எண்ணுக்குரிய பதிவில் புதிய உரிமையாளரின் பெயரை மாற்றாவிட்டால் அதனால் பயனில்லை. தடுப்பூசி அட்டையின் மூலத்தைக் கொடுத்துவிட்டு நகலைத் தாங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும், மூன்றாம் வாரமும் அழைத்துப் பேசுவதாக முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அழைக்கும்போது "எல்லாம் நலமா?" என்று கேட்டால் "நலம்" என்றுதான் விடை வரும், ஆகவே தட்டருகே நடந்துபோகையில் குட்டி நிமிர்ந்து வாலாட்டுகிறதா என்று கேளுங்கள்.